முதல் வரிசைச் செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர்

இசக்கி,

சாப்பிட்டாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. போனில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு போனை எடுக்கிறேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, அங்கே மழையா, பஸ்ஸில் கூட்டமா என்று வாய் தானாக வேறு பக்கம் போய்விடுகிறது. நீயும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஆராய்ச்சியை விட்டுவிடப் போவதாகவும், வருகிற திங்கட்கிழமை விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் சேரப் போவதாகவும் போன வாரம் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். எழுதி முடித்ததும் உன் அம்மா படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவாள். தாள் பின்னால் தபாலில் வரும். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் இதை அப்படியே காட்டு. வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாலு பக்கம் எழுதியும் சொல்லாமல் விட்டுவிடுவேன். அந்தச் சிவப்பு ரிப்பன் கட்டிய தேயிலைச் செடிகளுக்கு, தண்ணீர் ஊற்றவே கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போன செடிகளுக்கு, நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றினீர்களா என்று நீ கேட்டபோது இல்லை என்று சொன்னேன். உன் கையில் தவறு இல்லை.

இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அந்தச் செடிகளை நீ கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலைமேல் இருக்கிற எஸ்டேட்டிலிருந்து லோடு ஆட்டோவில் ஈரச் சாக்கு மூடி இறக்கினாய். பல்கலைக்கழகத்தில் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடாரம் ரிப்பேர், அது சரியாகும் வரைக்கும் கோடை காத்திருக்காது என்று சொல்லி நம் வீட்டு மொட்டைமாடியைப் பிடித்துக்கொண்டாய். மழை பெய்தாலும் நனையாமல் இருக்க மேலே ஒளி விடுகிற ஷீட் போட்டாய். பாதிச் செடிகளுக்கு நீல ரிப்பன், பாதிக்குச் சிவப்பு. நீலத்துக்குத் தினமும் காலையில் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும், சிவப்புக்கு ஒரு சொட்டும் கிடையாது. வாராவாரம் வந்து இலை பறித்து, புகை வருகிற அந்தக் குளிர் டப்பாவுக்குள் போட்டுக் கொண்டுபோவாய். தென்காசி வெயிலில் தேயிலையைக் காயப் போட்டுப் பார்க்கிற பெண்ணை இந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டீக்கடை வைக்கப் போகிறாளா என்று எதிர்வீட்டில் என்னிடமே கேட்டார்கள்.

எனக்கும் அப்போது ஒன்றும் புரியவில்லை. நீதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். பேரூராட்சியில் தெருத்தெருவாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடியே வேலைக்காலத்தை முடித்தவனிடம் அவன் பாஷையிலேயே பேசினாய்.

"எல்லாச் செல்லுக்குள்ளயும் ஒரே மரபணுக் கூட்டம்தான்ப்பா இருக்கு. ஒரே டேங்குத் தண்ணின்னு வச்சுக்கிடுங்க. எந்த வால்வ எப்பத் திறக்கணும், எத எப்ப மூடணுங்கறதுதான் விஷயமே."

"அப்பம் அதுக்கும் ஒரு ஆபரேட்டர் உண்டா?"

"ஒண்ணு இல்ல, நிறைய இருக்கு. எல்லாம் புரதம். மரபணுவுக்கு முன்னால போயி உக்காந்து திறந்துவிடும்."

"லீவு போடுமா?"

"உங்களை மாதிரிதான். போடவே போடாது," என்று சிரித்தாய்.

வேருக்குத் தண்ணீர் குறைந்தால் செடிக்குள் ஓர் அமிலம் கூடுகிறது, அது இலைகளுக்குச் சேதி சொல்கிறது, இலையில் இருக்கிற நுண்ணிய துளைகள் மூடிக்கொள்கின்றன என்றாய். வளர்ச்சிக்கான மரபணுக்கள் அடங்கிப்போய், செல் வாடிச் சுருங்காமல் காப்பாற்றுகிற வேறு மரபணுக்கள் திறக்கும். தண்ணீர் கிடைத்துவிட்டால் அவையெல்லாம் மறுபடி அடங்கிவிடும். நீ பறித்துப்போகிற இலையில், பறித்த அந்த நிமிஷத்தில் எந்த வால்வு திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்று பார்க்கலாமாம். இன்னொன்றும் சொன்னாய். எல்லாக் கன்றும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி வளர்த்தவை, ஒன்றுக்கொன்று மரபணுவில் வித்தியாசமே கிடையாது. அதனால் ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் நடந்துகொண்டால் அதற்குத் தண்ணீரும் வெயிலும்தான் காரணமாக இருக்க முடியும். இதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். புரிந்தும் இருந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

சித்திரை வெயில் ஏறியபிறகு மத்தியானத்தில் ஷீட் காற்றில் கழன்றிருக்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போவேன். குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோவது வழக்கம். மாடிப்படிக் கதவைத் திறந்ததும் முதல் வரிசை சிவப்பு ரிப்பன் செடிகள். கொழுந்தெல்லாம் தலை தொங்கி, இலை ஓரம் சுருண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒருநாள் குடித்தது போக மிச்சம் இருந்த தண்ணீரைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த செடியில் கவிழ்த்தேன். மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டுவதை இதில் கொட்டினேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பக்கத்துச் செடிக்கும் கொஞ்சம். அதற்கப்புறம் குடிப்பது கொஞ்சமாகவும் மிச்சம் அதிகமாகவும் ஆகிவிட்டது. பெரிய சொம்பாக எடுத்துக்கொண்டு போனேன். பின் வரிசைகளுக்குப் போகவே இல்லை. வாளி எடுத்துக்கொண்டு அதுவரை நடந்து போனால், உன் பேச்சை மீறித் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நின்ற இடத்தில் நின்றபடி கை நீட்டி ஊற்றினால் அது ஒரு தப்பே இல்லை என்று என் புத்தி சொன்னது.

ஒரு சனிக்கிழமை நீ வந்து, ஈரம் பார்க்கிற கருவி உன் முறைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லி, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாய். நல்லவேளை, முந்தைய நாள் நான் ஊற்றவில்லை. நல்லவேளை என்று எழுதுகிறேன் பார், அப்போது அப்படித்தான் தோன்றியது. அதற்கப்புறமாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டில் ஊற்ற ஆரம்பித்தேன். மேல்மண் காய்ந்தே இருக்கும், வேர் மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். இரக்கத்தில் செய்தேன் என்று அதுவரைக்கும் சொல்லலாம். தட்டில் ஊற்றியது திருட்டுத்தனம். அடுத்த வாரம் வந்தபோது முதல் வரிசையைத் தடவிக்கொடுத்து, "இது பரவால்லப்பா, நல்லாத் தாங்குது" என்றாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

என் வேலையிலும் நான் இப்படித்தான். கோடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது டேங்குக்குப் பக்கத்துத் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து, "அண்ணாச்சி, இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும், கைப்பிள்ள வீடு" என்பார்கள். நான் விட்டுவிடுவேன். தண்ணி அண்ணாச்சி மாதிரி தங்கமான மனுஷன் கிடையாது என்று அந்தத் தெருவே சொல்லும். கடைசித் தெருக் குழாயில் அன்றைக்குக் காற்றுதான் வரும். அந்தத் தெரு தூரம், அவர்கள் டேங்க் வரைக்கும் வந்து கேட்கவில்லை, அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பைப்பில் அடைப்பு என்று நினைத்துக்கொண்டு, காலையில் குழாயடியில் காத்திருந்துவிட்டுச் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வயற்கிணற்றுக்குப் போவார்களாம். ஓய்வு பெற்றபிறகுதான் அந்தத் தெரு ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். யார் மீதும் குறை சொல்லாமல் சொன்னார். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு மட்டுமே நான் நல்லவனாக இருந்திருக்கிறேன். அதைக் கேட்டபிறகும் மாடியில் அதையேதான் செய்தேன்.

உன் விஷயத்திலும் செய்திருக்கிறேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் உன்னைச் சேர்த்தபோது, தினமும் வார்டன் போனிலிருந்து அழுவாய். உன் அம்மா, "அழுதா அழட்டும், நாளாவட்டத்துல பழகிக்கிடுவா, போயிராதிய" என்று என்னைப் பிடித்து வைத்தாள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் பஸ் ஏறிவிட்டேன். பெட்டியோடு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நீ வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாய், எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் நீ கேட்ட பாடப்பிரிவு கிடைக்காமல் அந்த வருஷமே வீணாகப் போனது. அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காய்ந்து மீண்ட செடி அடுத்த தடவை வறட்சி வரும்போது சீக்கிரமாகச் சுதாரித்துக்கொள்ளும், முதல் தடவை பட்டதன் அடையாளம் ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருக்கும் என்று மாடியில் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். ஹாஸ்டலைத்தான் குத்திக் காட்டுகிறாயோ என்று நான் முழித்தேன். நீ செடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய். குற்றமுள்ளவனுக்கு எதைக் கேட்டாலும் தன்னைச் சொல்வது போலவே இருக்கிறது.

குற்றாலத்தில் நடந்ததை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. சாரல் ஆரம்பித்து, அருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது என்று நீ வந்திருந்தபோது மூன்று பேருமாகப் பழைய குற்றாலம் போனோம். குளித்துவிட்டு வந்து, உன் அம்மா தலை துவட்டிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேரும் தார்ப்பாய் போட்ட டீக்கடையில் நின்றோம். நீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாய். வறட்சிப்பட்ட தேயிலையில் துவர்ப்புகூட மாறும், அது மரபணு வேலைதான் என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாய். பிறகுதான் சொன்னாய்.

"செவப்பு ரிப்பன்ல முதல் வரிசை மட்டும் வேற மாதிரி வருதுப்பா. தண்ணியில்லாமக் காயும்போது திறக்க வேண்டியது ஒண்ணுமே திறக்கல. தண்ணி குடிச்ச செடி மாதிரியே இருக்கு. மேடம் ரெண்டுல ஒண்ணுங்காங்க. யாரோ தண்ணி ஊத்தியிருக்கணும், இல்லன்னா லேப்ல நான் நீல இலை போட்ட குழாயையும் செவப்பு இலை போட்ட குழாயையும் மாத்தி வச்சிருக்கணும்."

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க ஏதும் ஊத்துனீங்களா?"

"நான் என்னத்துக்குட்டி ஊத்தப் போறேன்? நீதான் ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேல்லா."

நீ ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "மேடம்ட்ட நான் அப்பவே சொல்லிட்டேன், எங்கப்பா அடைச்ச வால்வுல ஒரு சொட்டு கசியாதுன்னு. உங்களப் போயி கேட்டுட்டேன் பாருங்க, மன்னிச்சிருங்கப்பா" என்று சொல்லி எனக்கு இன்னொரு வடை வாங்கித் தந்தாய். நான் அதைத் தின்றேன், இசக்கி. மென்று முழுங்கினேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீ என்னைத் திட்டியிருப்பாய், மழையில் நனைந்துகொண்டே கோபமாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், அத்தோடு முடிந்திருக்கும். ஒரு சொட்டு கசியாது என்று நீ எனக்குக் கொடுத்திருந்த பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நீ போய் ஆய்வகத்தில் மிச்சம் வைத்திருந்த இலைகளை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தாய். அதே முடிவு வந்தது. வரத்தானே செய்யும்? அப்பா ஊற்றவில்லை என்று நீயே ஜாமீன் நின்றுவிட்டபிறகு, மேடத்துக்கும் மிச்சம் இருந்தது ஒரே காரணம், உன் கை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எந்த முடிவுக்கு வர முடியும்? "எனக்குக் கை சுத்தம் இல்லம்மா, இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல" என்று நீ போனில் உன் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பருப்பில் கல் பொறுக்கினால்கூட ஒன்றை விடாத பிள்ளை நீ. உன் கையை நீயே நம்பாமல் ஆக்கிவிட்டேன். செடி வாடியதைப் பொறுக்க முடியாத நான், நீ வாடியதைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தேன்.

நேற்றுக் காலையில் உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதிய? பிள்ளைட்டல்லா சொல்லணும்" என்றாள். பிறகு மாவைக் கரைத்துக்கொண்டே, "அவ முகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு எறங்குச்சு உங்களுக்கு?" என்றாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது என்னால் உனக்கு வந்தது. அந்த இலைகள் உனக்கு உண்மையைத்தான் சொல்லின. தண்ணீர் குடித்த செடி என்று பச்சையாகக் காட்டிக்கொடுத்தன. நீ அதைப் படித்தும் விட்டாய், டீக்கடையில் உன் வாயாலேயே சொன்னாய். அப்புறம் அப்பா இல்லை என்றதும் உன் கண்ணால் பார்த்ததைத் தள்ளிவைத்துவிட்டு என் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டாய். இனி அப்படிச் செய்யாதே. யார் சொன்னாலும், பாசமாகச் சொன்னாலும், பெற்றவனே சொன்னாலும், நீ பார்த்தது வேறாக இருந்தால் திருப்பிக் கேள். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பழியை உன்மேல் திருப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்கவிடாமல் செய்தது உன் நல்ல மனசு, அதைப் பயன்படுத்திக்கொண்டது நான்.

இப்போது உன் மேடத்துக்குத் தேவையானதைச் சரியாக எழுதுகிறேன். மாடிப்படிக் கதவைத் திறந்ததும் வருகிற முதல் வரிசை, சுவர் ஓரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், எல்லாச் செடித் தொட்டிக்கும் ஊற்றினேன். முதலில் மேலே, பிறகு அடித்தட்டில். நீ முதல் முறை இலை பறித்துக்கொண்டு போனதற்கு அடுத்த நாட்களில்தான் ஆரம்பித்தேன், அதனால் அந்த முதல் இலைகள் சுத்தமானவை. கடைசி வாரம் வரைக்கும் ஊற்றினேன், ஆனால் தினமும் இல்லை, அளவும் ஒரே மாதிரி இல்லை. இரண்டாவது வரிசைக்கும் அதற்குப் பின்னால் இருந்தவற்றுக்கும் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். என் சத்தியத்துக்கு இப்போது என்ன மரியாதை என்று நீ கேட்கலாம். என்னை நம்ப வேண்டாம். அந்த இலைகளோடு ஒப்பிட்டுப் பார், அவை ஒத்துக்கொண்டால் மட்டும் எடுத்துக்கொள். முதல் வரிசையைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்தாவது உன் வேலை நிற்கும் என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது. அப்படி நிற்குமா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும். மேடம் என்னிடம் பேச வேண்டும் என்றால் எந்நேரமும் பேசட்டும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். நீ உடனே மன்னித்துவிடுவாய் என்பதுதான் எனக்குப் பயம். கொஞ்ச காலம் கோபமாக இரு. போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவன்தான். திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை மட்டும் கொடுத்துவிடாதே.

செடிகள் இன்னும் மாடியில்தான் இருக்கின்றன. இனி எல்லாத்துக்கும் ஊத்திருங்கப்பா என்று விரக்தியாகச் சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து ஊற்றி வருகிறேன், எல்லாம் பச்சைப்பசேல் என்று தளிர்த்து நிற்கின்றன. அடுத்த கோடைக்கு நீ மறுபடியும் செய்து பார்க்க நினைத்தால் நம் மாடி இருக்கிறது. படிக்கதவுச் சாவியை இன்று காலை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நான் எவ்வளவு கெஞ்சினாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "கேட்டுத்தான் பாருங்க" என்றாள்.

உன் கை சரியாகத்தான் இருந்தது, இசக்கி. போய் வேலையைப் பார்.

உன்
அப்பா